இரண்டாவது காய்ச்சல்

அத்தியாயம் 6

முதுகில் அரிப்பெடுத்தால் ஒரு மனிதன் எந்த அளவுக்குத் தரம் தாழ்ந்து போவான் என்பதை ஆண்டிச்சாமி அந்தச் சனிக்கிழமை காலையில் தெரிந்துகொண்டான். இரும்புக் கட்டிலின் கம்பியில் முதுகைத் தேய்க்கலாமா என்று யோசித்தான். தேய்த்தால் அம்மை முத்து உடையும் என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. உடைந்தால் உடையட்டும் என்று முடிவெடுத்துப் பாதி எழுந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வேலுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் சீவிய இளநீர், தோளில் துணிப்பை, முகத்தில் பதினோரு வருஷம் போலீஸில் இருந்த களை. இன்ஸ்பெக்டர் ஒருவரோடு சண்டை போட்டு வேலையை விட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள். ஆண்டிச்சாமி அவளுடைய ஒரே உதவியாள். நிலையத்தில் வேறு ஆள் இல்லாததால் தலைமை உதவியாள் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"வாங்க" என்று அவன் சொல்லவில்லை. "வந்துட்டேன்" என்று அவளும் சொல்லவில்லை. அம்மை கண்ட இடத்தில் வரவேற்பதும் கிடையாது, சொல்லிக்கொண்டு போவதும் கிடையாது.

"கம்பியில தேய்ச்சே, கையை ஒடிச்சிருவேன்" என்றாள் வேலுத்தாய்.

"கையை ஒடிச்சா அரிப்பு நிக்கும்னா இப்பவே ஒடிச்சிருங்கக்கா. ரெண்டையும்."

"வாயைக் குறை. இளநியக் குடி. என்னத்தக் கண்டுபிடிச்ச?"

"சீலிங் ஃபேன் நிமிஷத்துக்கு நாப்பத்தி மூணு சுத்து சுத்துது."

விஷயம் இதுதான். ராஜபாளையத்தில் டாக்டர் சங்கரலிங்கம் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி அது. பின்கட்டில் ஐந்து கட்டில் போட்ட ஓட்டுக் கொட்டகை. பஞ்சாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஆட்களுக்கு அந்தச் சித்திரையில் வரிசையாக அம்மை போட, மற்றவர்களுக்குத் தொற்றிவிடக்கூடாது என்று மில்லிலிருந்து அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. முத்தும் வாடத் தொடங்கியது. அப்பாடா என்று இருந்த சமயத்தில் இரண்டாவதாக ஒரு காய்ச்சல் வந்தது. வாடிய முத்தெல்லாம் சீழ் கோத்தது. ஒருவருக்கு வந்தால் விதி என்று விட்டுவிடலாம். நாலு பேருக்கு வந்தது. நாலாவது ஆள் சங்கிலிப்பாண்டிக்கு அது நெஞ்சுவரை போய், மூச்சு வாங்கி, மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவனுடைய நாலாம் நம்பர் கட்டிலில் இப்போது சுருட்டி வைத்த மெத்தை மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது ஆளுக்குக் காய்ச்சல் திரும்பியதுமே மில் மானேஜர் தனுஷ்கோடி ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். முத்துக்குத் தடவும் மருந்தில் நர்ஸ் தங்கபாய் எதையோ கலக்கிறாள் என்பது அவர் கட்சி. அதை மில் கேட்டில், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், எண்ணூறு பேர் காது கேட்கச் சொல்லியும் விட்டார். தங்கபாய் நாகர்கோவில் பக்கத்துப் பெண். அன்றைக்கே அழுதுகொண்டே ஊருக்கு பஸ் ஏறியிருக்க வேண்டியவள். அழாமல், தன் லீவு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வேலுத்தாயின் மாடிப்படியில் வந்து நின்றாள். வேலுத்தாய் வழக்கை எடுத்துக்கொண்டாள். கொட்டகைக்குள் ஒரு ஆளை எப்படி நுழைப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், மம்சாபுரத்துக் கல்யாணம் ஒன்றில் சாப்பிட்டு வந்திருந்த ஆண்டிச்சாமியின் நெற்றியில் மூன்று முத்து முளைத்தது.

"ஆத்தாவே அட்மிஷன் போட்டுக் குடுத்துட்டா, கெளம்பு" என்று புதன்கிழமை அவனைக் கொண்டுவந்து ஐந்தாம் நம்பர் கட்டிலில் தள்ளிவிட்டாள்.

"விளையாடாம சொல்லு. நேத்து வெள்ளிக்கிழமை யார் யார் உள்ள வந்தா?" என்று இப்போது கேட்டாள் வேலுத்தாய்.

"நர்ஸ் வந்தாவ. ஆயா வந்தாவ. பூனை ஒண்ணு வந்துச்சு. மத்தியானம் அரிப்பு மாத்திரை போட்டாவ. அதைப் போட்டா செத்த பொணம் மாதிரி தூக்கம். ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் உலகத்துல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"நல்லா உளவு பார்த்தே போ."

அவள் துணிப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே இரண்டு எலுமிச்சம்பழங்கள். இரண்டிலும் காம்புப் பக்கம் வட்டமாக ஒரு துளை. ஒன்று கறுத்து வாடியிருந்தது, மற்றது நேற்றுத்தான் செத்தது போலிருந்தது.

ஆண்டிச்சாமி இளநீரோடு கட்டிலின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தான். "அக்கா, இதை ஏன் பைக்குள்ள வச்சிருக்கீய? சூனியம்க்கா இது!"

"ஆயா சுடலையம்மாளும் இதையேதான் சொன்னா. ரெண்டும் இந்த ஜன்னல் மேடையில கிடந்துச்சாம். ஒண்ணு செவ்வாக்கிழமை சாயங்காலம், ஒண்ணு நேத்து சாயங்காலம். கையால தொடாம முறத்துல தள்ளி எடுத்து வச்சிருந்தா. நர்ஸு மலையாளத்து எல்லைக்காரி, மாந்திரீகம் தெரியும்னு ஆஸ்பத்திரி பூரா பேச்சு."

"நாகர்கோவிலுக்கும் மாந்திரீகத்துக்கும் என்ன சம்பந்தம்? அங்கே நேந்திரங்கா சிப்ஸ்தான போடுவாவ?"

அப்போது தங்கபாய் மருந்துத் தட்டோடு உள்ளே வந்தாள். முப்பது வயதிருக்கும். விரைப்பான வெள்ளைப் புடவை, தூக்கமில்லாத கண்கள். ஒன்றாம் கட்டிலில் தொடங்கினாள். குச்சியில் பஞ்சைச் சுற்றி மருந்தில் தோய்த்துத் தொட்டு வைத்தாள். ஒரு ஆளுக்கு ஒரு குச்சி. முடிந்ததும் குச்சி வாளிக்குள் போனது, கை சோப்புத் தண்ணீருக்குள் போனது. பிறகுதான் அடுத்த கட்டில். வேலுத்தாய் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"படிச்சது இப்படித்தான்க்கா. வேற மாதிரி செய்ய எனக்குத் தெரியாது." தங்கபாய் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு அஞ்சு மணிக்கு மானேஜர் சார் புகார் டைப் அடிச்சுக் கொண்டு வாறாரு. டாக்டர் கையெழுத்துப் போட்டா நேரா ஸ்டேஷன். ஜெயிலுக்குக்கூட பயமில்லக்கா. நோயாளிக்கு விஷம் வச்சவன்னு ஒரு பேரு விழுந்துட்டா பொறவு எந்த ஆஸ்பத்திரியில என்னை உள்ள விடுவாவ? நான் வேற என்ன வேலைக்குப் போவேன்?"

அழவில்லை. சொல்லிவிட்டு இரண்டாம் கட்டிலுக்குப் போனாள். ஆண்டிச்சாமி இளநீரைக் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாளாக அவனுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

டாக்டர் சங்கரலிங்கம் பத்து மணிக்கு வந்தார். கொட்டகை வாசலில் அவர் கைப்பட எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. 'உள்ளே வேப்பிலை, மஞ்சள், மந்திரித்த பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது.' படித்த மனிதர். பாமரத்தனத்தைக் கண்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலுத்தாயை அவர் ஐந்து மணி வரைக்கும் மட்டும்தான் பொறுத்துக்கொள்வதாக ஒப்பந்தம்.

"சுருக்கமாச் சொல்றேன்" என்றார். "அம்மை ஒரு வைரஸ். வந்த வழியே தானாப் போயிரும். இந்த ரெண்டாவது காய்ச்சல் வேற ஜாதி, பாக்டீரியா. முத்து உடைஞ்ச இடத்துல தோல் திறந்து கிடக்கும். உடம்பும் களைச்சுக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழையுது. சீழை எடுத்து மதுரைக்கு டெஸ்டுக்கு அனுப்பினேன். நாலு பேருக்கும் ஒரே கிருமி. நாலும் அடங்குறதும் ஒரே மருந்துக்குத்தான், அடங்காததும் ஒரே மருந்துக்குத்தான். நாலு இடத்துலேருந்து வந்த மாதிரி இல்லை."

"ஒரே வீட்டிலேருந்து கெளம்பி வந்த மாதிரி" என்றாள் வேலுத்தாய்.

"ஆமா."

"யாருக்கு என்னைக்குக் காய்ச்சல் திரும்புச்சு?"

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். ஒன்றாம், இரண்டாம் கட்டில்களுக்குப் போன வாரம் வியாழன். மூன்றாம் கட்டிலுக்கு ஞாயிறு. சங்கிலிப்பாண்டிக்கு இந்த வியாழன்.

வேலுத்தாய் விரலை மடக்கி எண்ணினாள். "எல்லாமே செவ்வாய், வெள்ளிக்கு ரெண்டு நாள் கழிச்சு வருது. செவ்வாயும் வெள்ளியும் நீங்க எங்க இருப்பீய டாக்டர்?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்ல. மத்தியானம் முழுக்க." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ மானேஜர் சொல்றது சரிதான். நான் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பொண்ணு..."

"நீங்க இல்லாத நேரம் பார்த்துன்னா உங்களுக்குப் பயப்படுற ஆளுன்னு அர்த்தம். உங்களுக்கு யார்தான் பயப்படல? நானே வாசல் அட்டையைப் பார்த்துட்டு நெத்தித் திருநீறை அழிச்சுட்டுல்லா வந்தேன்."

டாக்டர் கேஸ் ஷீட்டை மூடிக்கொண்டு போனார். ஆண்டிச்சாமி போர்வைக்குள் சிரித்தான். சிரித்தால் கன்னத்து முத்து வலித்தது.

"ஏலே, சூனியக்காரன் எலுமிச்சைக்கு என்ன செய்வான்?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"ஊசி குத்துவான். ஆணி அடிப்பான். குங்குமம் தடவுவான்."

"இதுல குங்குமம் இல்ல. ஆணித் துளை இம்புட்டுப் பெரிசா இருக்காது." அவள் தன் ஆள்காட்டி விரலைப் பழத்தின் துளைக்குள் நுழைத்தாள். பழம் விரலில் தொப்பி போட்டதுபோல் பொருந்தி நின்றது. "என்னன்னு தெரியுதா?"

ஆண்டிச்சாமி இளநீரைக் கீழே வைத்தான். அவன் சித்தப்பா ஒருத்தர் விரலில் எலுமிச்சம்பழத்தோடு பத்து நாள் பஸ் ஓட்டியிருக்கிறார். பார்த்தவர்களெல்லாம் சிரித்தும் அவர் கழற்றவில்லை. "நகச்சுத்து!" என்றான். "அக்கா, இது சூனியம் இல்ல. நகச்சுத்துக்குப் போட்ட பழம்!"

"நகச்சுத்துன்னா நகத்தோரம் என்ன இருக்கும்?"

"சீழு."

"அந்த விரல் இங்க வந்திருக்கு. ஜன்னல்கிட்ட நின்னு பழத்தைக் கழட்டி வச்சுட்டு என்னத்தையோ தொட்டிருக்கு. யார் விரல்னு தெரிஞ்சா போதும்."

அடுத்த அரை மணி நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி காணாத கூத்து நடந்தது. வேலுத்தாய்க்குக் கைரேகை பார்க்கத் தெரியும் என்ற செய்தியை ஆண்டிச்சாமி ஆயாவின் காதில் போட்டான். அது போதுமானதாக இருந்தது. முதல் ஆளாக சுடலையம்மாளே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். அப்புறம் கம்பவுண்டர், கூட்டுகிற ஆள், சமையல்காரி, மூன்று நோயாளிகள். வேலுத்தாய் ரேகையை ஒரு பார்வையும் நகத்தை ஒன்பது பார்வையும் பார்த்தாள். கம்பவுண்டருக்கு வெளிநாட்டு யோகம் சொன்னாள். சமையல்காரிக்கு மருமகள் அடங்குவாள் என்றாள். இதெல்லாம் சுத்த மடத்தனம் என்று சொல்லிக்கொண்டே வந்த டாக்டரும் கடைசியில் கையை நீட்டி, ஆயுள் எப்படி என்று மெதுவாகக் கேட்டார்.

எல்லா விரல்களும் சுத்தமாக இருந்தன. தங்கபாயின் விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன, அவ்வளவுதான்.

"அப்ப வெளியாளுதான்" என்றான் ஆண்டிச்சாமி. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அவனுக்கு மறுபடி அரிப்பு தலைக்கேறியது. "அக்கா, கெஞ்சிக் கேக்கேன். தோள்பட்டைக்கு நடுவுல, கை எட்டாத எடம். ஊதியாவது விடுங்க."

வெட்கப்பட்டு நர்ஸிடம்கூட முதுகைக் காட்டாதவனின் சட்டையை வேலுத்தாய் தூக்கினாள். தூக்கியவள் குனிந்து முதுகுக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோனாள்.

"என்னக்கா? முத்து ஜாஸ்தியா?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்தப் பக்கம் படுத்துத் தூங்குன?"

"செவத்தப் பார்த்து."

"முதுகு வெளிய தெரிய?"

"பின்ன, முதுகைக் கழட்டி வச்சிட்டா தூங்குவாக?"

"மூணு நாளா நீ தேடுன தடயம் ஒன் முதுகுலதாம்லே இருக்கு. பச்சையும் மஞ்சளுமாக் காய்ஞ்சு கெடக்கு. வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைச்ச பத்து. ஒவ்வொரு முத்து மேலயும் ஒரு விரலால தொட்டுத் தொட்டு வச்சிருக்கு. ஓரத்துல ரெண்டு எடம் சிவந்திருக்கு."

ஆண்டிச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் நின்றது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து வருவது ஞாயிற்றுக்கிழமை. நாளைதான் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் சுருட்டி வைத்த நாலாம் நம்பர் மெத்தையை அவன் பார்க்காமல் இருக்க முயன்றான். கண் அங்கேதான் போனது. அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"அக்கா, நான் செத்துட்டா தலைமை உதவியாள்னு போர்டுல எழுதுங்க."

"சாக மாட்டே. கேஸ் முடியல." வேலுத்தாய் அவன் தலையில் கை வைத்தாள். வழக்கமாக அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. பிறகு வாசலுக்குத் திரும்பிக் கூப்பிட்டாள். "தங்கபாய்! டாக்டர்கிட்டச் சொல்லி இவனுக்கு அந்தக் கிருமி அடங்குற ஊசியை இப்பவே போடச் சொல்லு. நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

ஊசி இடுப்புக்குக் கீழே போடப்பட்டது. ஆண்டிச்சாமியின் அலறல் மெயின் ரோடு வரை கேட்டதாகப் பிறகு ஆயா சொன்னாள்.

வேலுத்தாய் கொட்டகைக்கு நடுவில் வந்து நின்றாள். மூன்று கட்டிலில் மூன்று பேர், மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

"உங்க மேலயும் பத்து போட்டிருக்காக. நீங்க முழிச்சுத்தான் இருந்திருப்பிய. நர்ஸ் வர்றதுக்குள்ள தொடைச்சும் விட்டிருப்பிய. யாருன்னு சொல்லுங்க."

மூன்று பேரும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்கள்.

"அந்த நர்ஸ் பிள்ளைக்கு இன்னைக்குச் சாயங்காலத்தோட வாழ்க்கை முடியப்போகுது. உங்க சீழைத் தொடச்சவ அவ. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, அவ உங்களுக்குக் கெடுதல் செஞ்சாளா?"

ஒன்றாம் கட்டில் சோலைச்சாமி, சோழபுரத்து ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "செய்யலக்கா. ஆனா சொல்ல முடியாதுக்கா. சொன்னா பலிக்காது. அது ஆத்தா காரியம். அவிய கெடுதலுக்குச் செய்யல."

"அவிய" என்று மரியாதையாக அவன் சொன்னதைக் கேட்டதும் வேலுத்தாய் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டிச்சாமியின் கட்டிலுக்குத் திரும்பி வந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பயமா, பக்தியான்னு பார்த்தேன்லே. ரெண்டும் இருக்கு. ரெண்டும் ஒரே ஆள் மேல இருக்கு."

"யாருக்கா? விடுதி வார்டனா?"

"வார்டனுக்கு எவன் பயப்படுதான்?"

அவள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். வெளியே அவளுடைய மொபெட் மூன்று தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. ஆண்டிச்சாமி ஊசி போட்ட பக்கம் படுக்க முடியாமல், முத்து உள்ள பக்கமும் படுக்க முடியாமல், மத்தியானம் முழுக்க உட்கார்ந்தே துப்பறிந்தான். ஒன்றும் வரவில்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேலுத்தாய் திரும்பி வந்தாள். கையில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டு நிறையத் திருநீறு. மூக்குக்கு மேல் கோபம் வருகிற டாக்டர் வாயைத் திறக்கும் முன்னால் வாசலில் கார் நின்றது.

மானேஜர் தனுஷ்கோடி நல்ல உயரம். சலவை வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட். இடது கக்கத்தில் ஒரு ஃபைல். வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள். மானேஜர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்பதால் அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் உள்ளே நுழைந்ததும் மூன்று கட்டிலிலும் மூன்று பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். தங்கபாய் மருந்து மேஜைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றாள்.

"டாக்டர், எல்லாம் எழுதியாச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அந்தப் பொம்பளை ஊரை விட்டு ஓடுறதுக்குள்ள..." தனுஷ்கோடி இடது கையால் ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"செத்த பொறுங்க சார்." வேலுத்தாய் குறுக்கே வந்தாள். "கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன காரியம். இருக்கன்குடி மாரியாத்தா திருநீறு. சங்கிலிப்பாண்டி உசுரு பொழைக்கணும்னு மனசுல நெனச்சுக்கிட்டு எடுத்துப் பூசிக்கோங்க."

தட்டை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

தனுஷ்கோடி தட்டைப் பார்த்தார். இடது கை தானாக அரையடி மேலே வந்தது. வந்த கையை நெருப்பைத் தொட்டவர் போலப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆத்தா திருநீற்றை இடது கையால் எடுக்கிற ஆள் அந்த ஜில்லாவிலேயே கிடையாது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, சங்கிலிப்பாண்டியின் பெயரைச் சொல்லி அல்லவா நீட்டியிருக்கிறாள்? அவர் நெற்றியில் வியர்வை முளைத்தது. வேலுத்தாயின் கை தட்டோடு அசையாமல் நின்றது.

வலது கை மெதுவாகப் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது.

ஆள்காட்டி விரலில் மஞ்சளாக, புத்தம் புதிதாக, ஓர் எலுமிச்சம்பழம்.

ஆண்டிச்சாமி சிரித்துவிட்டான். இப்படி ஒரு கௌரவமான கையில் இப்படி ஒரு பழத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நகச்சுத்து" என்றார் தனுஷ்கோடி எரிச்சலோடு. "பத்துப் பன்னிரண்டு நாளா இருக்கு. இதுல பார்க்க என்ன இருக்கு?"

வேலுத்தாய் துளை விழுந்த இரண்டு பழங்களைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "இதுக ரெண்டும் உங்களுதுதான சார்? செவ்வாயும் வெள்ளியும், டாக்டர் இல்லாத நேரம், நர்ஸ் சாப்பிடப் போற நேரம் பார்த்து வந்திருக்கீய. ஆத்தாவுக்குப் பணிவிடை செய்யும்போது விரல்ல பழம் இருந்தா மரியாதை இல்லன்னு கழட்டி ஜன்னல்ல வச்சிட்டு, ஒவ்வொருத்தனுக்கும் உங்க கையாலயே பத்து போட்டிருக்கீய."

மானேஜர் மூன்று கட்டிலையும் பார்த்தார். சோலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"நேர்த்திக்கடன்" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "எல்லாம் என் சுத்துப்பட்டு ஊருப் பயலுவ. அவனுக தாய்மார் என் கையைப் பிடிச்சுத்தான் மில்லுக்கு விட்டுட்டுப் போனாவ. இங்கே வேப்பிலையே கூடாதுன்னு போர்டு. ஆத்தா கோவிச்சுக்கிட்டா யார் பதில் சொல்றது? கொட்டகையில கெடக்குற எல்லாருக்கும் மூணு செவ்வாய் மூணு வெள்ளி என் கையால செய்யுறேன்னு வேண்டிக்கிட்டேன். வாயை விட்டுச் சொல்லக்கூடாதுன்னு இவனுககிட்டயும் சொன்னேன். அதுல என்ன தப்பு?"

டாக்டர் சங்கரலிங்கம் அதற்குள் அவர் கையைப் பிடித்துப் பழத்தை உருவியிருந்தார். விரல் நுனி வீங்கி, நகத்தோரம் சீழ் வெளுத்துத் தெரிந்தது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து வந்த நாலு காகிதத்துக்கும் பதில் அந்த விரலில் இருந்தது.

"இந்த விரலால உடைஞ்ச முத்தைத் தொட்டீங்களா?" என்று கேட்டார்.

தனுஷ்கோடிக்கு அப்போதுதான் விளங்கியது. நாலாம் நம்பர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். "சங்கிலிப்பாண்டிக்கு நான்தானா?" என்றார். "அவனுக்கு மூச்சு முட்டுனது என்னாலயா?" அந்தப் பெரிய மனிதர் எல்லார் முன்னாலும் அழுதார். ஆண்டிச்சாமிக்குத் தான் சிரித்தது உறுத்தியது.

"வேப்பிலை மேல குத்தம் இல்ல, மஞ்சள் மேலயும் இல்ல" என்றாள் வேலுத்தாய். "விரல் மேலதான். ஆனா டாக்டர், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க. வாசல்ல அந்த அட்டை தொங்கலேன்னா இவர் நீங்க இருக்கும்போதே, நர்ஸ் முன்னாடி, நேரா வந்திருப்பாரு. கையை நீட்டுன முதல் நாளே தங்கபாய் இந்த விரலைப் பார்த்துத் தடுத்திருப்பா. ஒளிஞ்சு வர வச்சது நீங்க."

டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆண்டிச்சாமி எதிர்பார்த்தான். வரவில்லை. அவர் ஆபீஸ் அறைக்குப் போய் மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, சங்கிலிப்பாண்டிக்குக் காலையிலிருந்து காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி கேட்டிருக்கிறான் என்றார். சோலைச்சாமி கிழக்கே இருக்கன்குடி பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

பிறகு டாக்டர் அங்கேயே மானேஜரின் விரலைக் கீறிச் சீழை எடுத்தார். கட்டுப் போட வேண்டியது தங்கபாயின் வேலை. அவள் தட்டோடு வந்து அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, விரலைத் துடைத்து, மருந்து வைத்து, துணியைச் சுற்றினாள். ஆண்டிச்சாமிக்கு எப்படி மருந்து வைப்பாளோ அதே பக்குவத்தோடுதான் கட்டினாள். தனுஷ்கோடி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு முடிந்ததும் இடது கையால் ஃபைலிலிருந்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"போதுமாம்மா?" என்றார்.

"போதாது சார்" என்றாள் தங்கபாய்.

வேலுத்தாயே திரும்பிப் பார்த்தாள்.

"கிழிச்ச காயிதத்தை இங்க இருக்குற நாங்க ஏழு பேருதான் பார்த்தோம். என் பேரை நீங்க கேட்டுல எண்ணூறு பேருக்குச் சொன்னீய. அந்த எண்ணூறு பேருக்கும் இதையும் சொல்லணும். நாளைக்கு மொத ஷிஃப்டுக்கு முன்னாடி நோட்டீஸ் போர்டுல இருக்கணும்."

தனுஷ்கோடி கிழித்த காகிதத்தை ஃபைலுக்குள் வைத்தார். அப்புறம் தலையசைத்தார். வேலுத்தாய் ஒரு வெள்ளைக் காகிதத்தை நகர்த்தினாள். அவர் சொல்லச் சொல்ல தங்கபாயே எழுதினாள். நர்ஸ் மேல் எந்தக் குற்றமும் இல்லை, தவறு தன்னுடையது, தெரியாமல் நடந்தாலும் தன்னுடையதுதான் என்று அவர் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவராகவே சேர்த்தார். எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பி வைத்து அவள் பேனாவை நீட்டினாள்.

அவர் வாங்கப் பார்த்தார். கட்டுப் போட்ட விரல் மடங்கவில்லை. இடது கையால் கிறுக்கிப் பார்த்தார், கிறுக்கலாகத்தான் வந்தது.

"இதை உங்க கையெழுத்துன்னு எவனும் ஒத்துக்க மாட்டான் சார்" என்றாள் வேலுத்தாய்.

டாக்டர் குரல் கொடுக்க, முன்கட்டிலிருந்து கம்பவுண்டர் ஆஸ்பத்திரி முத்திரை குத்துகிற மைப்பெட்டியைக் கொண்டுவந்தார். பி.காம். முதல் வகுப்பு, இருபத்திரண்டு வருஷ மானேஜர், இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் தங்கபாயைப் பார்த்தார். அன்றைக்கு அவர் அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இங்க சார்" என்று அவள் இடம் காட்டினாள். அவர் அழுத்தி வைத்தார். ரேகை ஒன்றுவிடாமல் பதிந்தது. தங்கபாய் ஈரம் காய ஊதினாள், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு தடவை படித்தாள், மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் மருந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நாளும் அழாத அழுகையெல்லாம் அழுதாள்.